தூர்வாரும் கணக்கை மதகடியில் எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் எங்கள் வாய்க்காலில் தூர்வார பொக்லைன் வந்தது. கரையிலிருந்த காட்டாமணக்கை வழித்துப் போட்டது, போய்விட்டது. எவ்வளவு நீளம், எத்தனை அடி ஆழம், என்ன தொகை என்று கேட்டால், "மனு எழுதிக் கொடுங்க" என்றார்கள் அதிகாரிகள். சரி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தேன். 30 நாளில் தகவல் தர வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டம். வந்த பதில், "கோப்பு தேடப்பட்டு வருகிறது." அதற்குள் தண்ணீரே வந்துவிட்டது. இனி ஆழத்தை யார் அளப்பது?

மேல்முறையீடு செய்யலாம்தான். ஆனால் 2005-இல் வந்த அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, இப்படிப்பட்ட செலவு விவரங்களை யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும் நமக்கு உரிமை உண்டு. டெல்லிக்கு முன்பே, 1997-இல் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் இது (மேடையில் மட்டும் ஞாபகம் வரும்).

அடுத்த கோடையில் பொக்லைன் இறங்கும் முன்பே நீளம், ஆழம், தொகை, ஒப்பந்ததாரர் பெயர் நான்கையும் மதகடியில் பெயிண்டில் எழுதி வைக்கட்டும். இணையதளத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

ஒரு குறு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்