செயலாளரின் ஆண்டறிக்கை: பனிக்குப் பின் வந்த வாரங்கள்

அவைத்தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் வானிலை ஆர்வலர் சங்கத்தின் விதிப்படி கடந்த ஓராண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. மேகப் புகைப்படக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. மழைமானிகளும் வெப்பமானிகளும் குளிர்காலத்துக்கு முன்பே சரிபார்க்கப்பட்டன.

பிப்ரவரியில் நடந்த சிறப்புரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். துருவத்துக்கு மேலே, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலம் முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கும் காற்று சில ஆண்டுகளில் திடீரென்று தடுமாறிவிடும். அந்த உயரத்தில் சில நாட்களுக்குள் வெப்பம் பல பத்து டிகிரி ஏறிவிடும். 1952இல் பெர்லினில் வானிலை ஆய்வாளர் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் கருவிகளின் பதிவில் இதை முதன்முதலாகக் கண்டார். 2018 பிப்ரவரி நடுவில் அப்படி நடந்தபின், அந்த மாதக் கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் ஐரோப்பாவைக் கடுங்குளிர் பிடித்தது. ஒவ்வொரு முறையும் மேலே நடப்பது கீழே இறங்கிவிடாது. இறங்கினாலும் இரண்டு வாரம் பொறுத்து வரலாம். ‘குளிர்காலம் முடிந்துவிட்டது’ என்று பிப்ரவரியில் யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். அன்று அரங்கம் நிறைந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் பாதியாவது மார்ச் மாதப் பதிவுகளுக்கு வந்திருந்தால் இந்த அறிக்கையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இந்தக் குளிர்காலம் நம் எல்லோருக்கும் மனம் நிறைந்த குளிர்காலம். டிசம்பரில் விழுந்த பனி கரைவதற்குள் அடுத்தது விழுந்தது; தரையே தெரியாமல் வாரக்கணக்கில் கிடந்தது. பதிவேட்டில் டிசம்பர், ஜனவரிப் பக்கங்கள் நிரம்பி வழிகின்றன. ஆழம், புகைப்படம், பனித்துகளின் வடிவம் என்று எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு எழுதினார்கள். அதற்கு என் மனமார்ந்த பாராட்டு.

அப்போது எடுத்த ஒரு முடிவைப் பற்றி முறுமுறுப்பு இருந்ததால் விளக்கிவிடுகிறேன். வெப்பமானியை வெயிலும் மழையும் படாமல் வைத்திருக்கும் காற்றோட்டமான பெட்டியான ஸ்டீவன்சன் கூண்டை நாங்கள் உயர்த்தியது வீண் வேலையல்ல. வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் நெறி. பனி கிடக்கும்போது அதன் மேற்பரப்புதான் தரை. பனி ஏற ஏற வெப்பமானி அதை நெருங்கிவிடும். காற்றில்லாத தெளிந்த இரவில் பனிப்பரப்பை ஒட்டித் தேங்கும் குளிரையே காட்டும். உயர்த்தாமல் விட்டிருந்தால் இந்த ஆண்டின் குறைந்தபட்ச வெப்பநிலையை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடவே முடியாது. பனி இளகத் தொடங்கியதும் கூண்டை மறுபடி இறக்கினோம். அதற்கு வந்தவர்கள் மூன்றே பேர்.

சரி, மார்ச்சுக்கு வருகிறேன்.

வானிலைக் கணக்கில் மார்ச் 1 அன்றே வசந்தம் பிறந்துவிடுகிறது. வானம் அதை ஏற்றுக்கொள்வது அப்புறம்தான். மார்ச் 20ஐ ஒட்டிச் சூரியன் ஏறும் உயரம் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஏறும் அதே உயரம். ஆனால் செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய மண் இருக்கும். மார்ச்சில் இருப்பது பனி. புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பழசாகி அழுக்கேறிய பனி பாதியைத்தான் திருப்பும். அதனால் ஒரே ஊரில், பனி போன தெற்குச் சரிவில் ஸ்வெட்டரைக் கழற்றுகிறோம், வடக்குச் சரிவில் மறுபடி மாட்டுகிறோம்.

மேலே நிலைமை இன்னும் சிக்கல். உயரத்தில் குளிர்காலக் காற்று அப்படியே இருக்க, கீழே தரை வெயிலில் சூடேறும்போது காற்று குமிழ்விட்டு எழும். காலையில் ஒரு மேகம்கூட இல்லாத வானம், பதினொரு மணிக்குள் கோபுரம் கோபுரமாக மேகம், பிற்பகலில் வெள்ளை ஜவ்வரிசி போலப் பனிக்குருணை, அது நின்றதும் வெயில், வெயிலோடு வானவில். இந்த மார்ச்சில் இதை வெளியே நின்று பார்த்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

மழையா பனியா என்ற கேள்வியில் நம் கூட்டங்கள் இரவு நெடுநேரம் நீண்டன. மாடல் படங்களை, அதாவது கணினி கணித்துத் தரும் வானிலை வரைபடங்களை, வைத்துக்கொண்டு நடந்த வாதங்களைக் குறை சொல்லவில்லை. அவற்றில் நானும் நிறையக் கற்றேன். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜனவரியில் மாடல் 3 டிகிரி தவறினால் மைனஸ் 8க்குப் பதில் மைனஸ் 5, இரண்டிலும் பனிதான். மார்ச்சில் 1 டிகிரி தவறினாலே பனி மழையாகிவிடும், மழை பனியாகிவிடும். அது போதாதென்று, விழும் பனியே தன் வானிலையை மாற்றும். இறங்கும் வழியில் துகள்கள் இளகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். காற்றோட்டம் இல்லாமல் பொழிவு கனமாக இருந்தால் அந்தக் காற்று பூஜ்யம் டிகிரிக்கு இறங்கி, மழையாகத் தொடங்கியது எந்தக் குளிரலையும் வராமலே பனியாக மாறிவிடும். மார்ச் பாதியில் ஒரு மாலை இது நம் கண்முன் நடந்தது. எத்தனை மணிக்கு மாறியது, அப்போது ஈரக்குமிழ் வெப்பமானி (குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி) என்ன காட்டியது என்று கேட்டால் பதிவேட்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மாடல் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நம்மிடம் இருக்க வேண்டிய ஆதாரம் அந்த வரிகள்தான்.

இனி பனிக்குழாய்த் திட்டம். ‘இது செயலாளரின் சொந்த ஆசை’ என்று சிலர் சொன்னது என் காதுக்கும் வந்தது. செயற்குழுவின் ஒப்புதலோடுதான் தொடங்கினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பனியின் ஆழத்தைக் கோல் வைத்து யாரும் அளந்துவிடலாம். அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கோல் சொல்லாது. புதுப்பனியில் 10 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் நீர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நாள்பட அமுங்கிய பனியில் அதே 10 சென்டிமீட்டரில் 3, 4 சென்டிமீட்டர் நீர் இருக்கலாம். அதை அறிய ஒரே நேர்வழி எடை போடுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நெவாடாவில், மவுண்ட் ரோஸ் மலையில், ஜேம்ஸ் சர்ச் என்பவர் குழாயைப் பனிக்குள் இறக்கி வெட்டியெடுத்து எடை போடும் முறையை வகுத்தார். அவர் பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த பேராசிரியர். வானிலை அவருக்குத் தொழில் இல்லை. அவருடைய குழாய் இன்றும் அந்த மலையின் பெயரால்தான் அறியப்படுகிறது.

நம் குழாயும் அதே வகைதான். பல்வெட்டு உள்ள முனையைக் கீழே வைத்து, திருகித் திருகி இறக்க வேண்டும். நடுவில் எங்காவது கை நின்றுவிடும். ஜனவரி மழை உறைந்த பனிக்கட்டி அடுக்கு அது. விசை கொடுத்துத் திருகினால் ‘கரக்’ என்று விட்டுக்கொடுக்கும். வெளியே எடுத்தால் முனையில் விரற்கடை மண்ணும் புல்லும் ஒட்டியிருக்க வேண்டும். மண் இல்லையென்றால் குழாய் அடிவரை போகவில்லை, மறுபடி இறக்க வேண்டும். மண்ணைச் சுரண்டிவிட்டுத் தராசில் தொங்கவிட்டு, வெறும் குழாயின் எடையைக் கழித்தால் நீரின் கணக்கு கிடைத்துவிடும்.

இதில் கண்டதைச் சொல்கிறேன். மார்ச் முதல் வெயிலில் பனி வேகமாகத் தாழ்ந்தது. “ஐயா, பாதிப் பனி போயாச்சு” என்றார்கள். தராசில் எடை ஏறக்குறைய அப்படியே இருந்தது. பனி அமுங்கியிருந்ததே தவிரத் தண்ணீர் எங்கும் போகவில்லை. மேலே இளகியது உள்ளே இறங்கி மறுபடி உறைந்துகொண்டிருந்தது. மேலிருந்து அடிவரை முழுப் பனியும் பூஜ்யம் டிகிரிக்கு வந்து, தாங்கும் அளவுக்கு நீரையும் குடித்த பிறகுதான் வெளியே விடத் தொடங்கும்.

அது தொடங்கியது வெயில் நாளில் அல்ல, மூடுபனியும் ஈரக்காற்றும் சேர்ந்த ஓர் இரவில். காரணம் எளிது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க சுமார் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடும். ஆனால் ஒரு கிலோ நீராவி பனிமேல் படிந்து நீரானால் 2500 கிலோஜூல் வெளிவரும், ஏழு கிலோவுக்கும் மேல் பனியைக் கரைக்கும். வறண்ட காற்றென்றால் நிலைமை தலைகீழ்: வெப்பமானி 3, 4 டிகிரி காட்டினாலும் பனி ஆவியாகித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். வெள்ளம் வருமா என்று கவலைப்படுகிறவர்கள் அதிகபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது, காற்றின் ஈரத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஆண்டு நமக்குக் கிடைத்த உருப்படியான அறிவு இதுதான் என்று நம்புகிறேன்.

அந்த இரவுக்கு முன்னும் பின்னும் குழாய் இறக்கியவர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்குவார்கள். பனி வெள்ளையாக இருந்தவரை பெயர்ப்பட்டியல் நீண்டது. சேறும் சகதியுமானதும் ஆட்கள் காணாமல் போனார்கள். அவரவர்க்கு வீடு, வேலை, உடம்பு உண்டு. தெரியும். வர முடியாதவர் முதல்நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஒருவரை அனுப்பியிருப்போம்.

பதிவேட்டில் காலியாக விட்ட கட்டங்கள் பற்றி. ‘அன்று ஒன்றும் பெய்யவில்லை, அதனால் எழுதவில்லை’ என்கிறார்கள். பெய்யவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யம் ஒரு அளவு. காலிக் கட்டம் அளவே இல்லை. ஒரு மாதத்தில் நான்கு கட்டம் காலியானால் அந்த மாத மொத்தத்தை எதற்கும் பயன்படுத்த முடியாது. பிரிட்டனில் ஜி. ஜே. சைமன்ஸ் 1860இல் மழை அளக்கும் தன்னார்வலர்களைத் திரட்டத் தொடங்கினார். 1900இல் அவர் மறைந்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அளந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள். நாள் தவறாமல் எழுதினார்கள் என்பதால்தான் அந்த ஏடுகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், செலவு வரவைச் சற்றே தாண்டியது. முந்தைய இருப்பிலிருந்து ஈடுகட்டினோம். குழாயும் தராசும் கூண்டுக்கான புதுத் தாங்கியும்தான் பெரிய செலவுகள். மூன்றும் சங்கத்தின் சொத்தாக நம்மிடமே இருக்கின்றன. இருப்பு குறைந்ததற்கு உண்மையான காரணம் சந்தா நிலுவை. நினைவூட்டல் கடிதம் மூன்று முறை போயிருக்கிறது. பெயர் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். ஆனால் நிலுவை வைத்திருப்பவர்களில் சிலரிடம் சங்கத்தின் மழைமானிகளும் இருக்கின்றன. சந்தா கட்ட இயலாத நிலை என்றால் என்னிடமோ பொருளாளரிடமோ தனியாகச் சொல்லுங்கள், வழி செய்யலாம். கருவியை மட்டுமாவது தயவுசெய்து திருப்பித் தாருங்கள். அளக்கத் தயாராக இருக்கும் புதியவர்கள் கருவியில்லாமல் காத்திருக்கிறார்கள்.

வழிநடத்திய தலைவருக்கும், கணக்கைப் பொறுமையாகப் பார்த்த பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், கூட்டம் நடத்த இடம் தந்தவர்களுக்கும், சிறப்புரை ஆற்றியவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. சகதியில் முழங்கால் நனைய என்னோடு குழாய் இறக்கிய இளம் உறுப்பினர்கள் இருவருக்கும், அவர்களை அந்த நேரத்தில் அனுப்பிவைத்த பெற்றோருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பனிக்குழாய்ப் பதிவு ஒரே ஓர் ஆண்டோடு நின்றால் அதற்கு மதிப்பில்லை. ஒப்பிட இரண்டாம், மூன்றாம் ஆண்டு வேண்டும். ஒருவேளை பனி குறைந்த குளிர்காலம் வந்தால் அதுவும் நல்லதே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இப்போதுள்ள ஆட்களை வைத்து இன்னொரு மார்ச்சை நடத்த முடியாது. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். என் பதில் கீழே சொல்லும் அட்டவணையைப் பொறுத்தது.

பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் கடைசி வரைக்குமான பதிவு அட்டவணை வாசலருகே மேசையில் இருக்கிறது. மாலை நேரக் கட்டங்களில் சில பெயர்கள் விழுந்திருக்கின்றன. காலை ஏழு மணிக் கட்டங்கள் பெரும்பாலும் காலி. வாரத்தில் ஒரு காலை போதும், அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. சந்தா ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளரும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

இவண்,
செயலாளர்