புதுக் காலுக்குக் கொலுசு

வெள்ளவத்தை, கொழும்பு 6

அன்பின் வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. முல்லைத்தீவில் மழை விட்டதா? புதுச் செயற்கைக் கால் கடிக்கிறது என்று எழுதியிருந்தாய். யாழ்ப்பாணம் போய்ச் சரிபார்த்துக்கொள், தள்ளிப்போடாதே.

இங்கே ஒரு மாதமாக அழகுராணிப் பேச்சுத்தான். அண்ணாவின் சின்ன மகள், அவளும் சக்கர நாற்காலியில் இருப்பவள்தானே, 2017இல் வார்சோவில் நடந்த சக்கர நாற்காலி உலக அழகுராணிப் போட்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டாள். 19 நாடுகளிலிருந்து 24 பெண்கள், கிரீடம் பெலாரஸ் பெண்ணுக்கு. "மாமி, நாற்காலியோடயே ஆடுகினம்!" என்று ஒரே குதூகலம்.

எனக்குப் பிடிக்கவில்லை. தெருவில் ஏற்கெனவே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், இதில் மேடை வேறா? 2008இல் அங்கோலாவில் கண்ணிவெடியால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இப்படி ஒரு போட்டி நடந்தது. ஒரு நோர்வேக்காரரின் ஏற்பாடு. பரிசு என்ன தெரியுமா? செயற்கைக் கால்! உனக்குக் கால் தரும்போது யார் மார்க் போட்டார்கள்? அடுத்த வருடம் கம்போடியாவில் அரசாங்கமே அதைத் தடுத்துவிட்டது. தடுத்தவர்கள் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால், போன கிழமை அண்ணாவின் மகளோடு காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்குப் போனேன். வாசலில் மூன்று படி. இரண்டு பையன்கள் தூக்கிவிட்டதில் அவளுடைய வளையல் நெளிந்துபோனது. உள்ளே விற்கிற பிள்ளை இவள் தலைக்கு மேலால் என்னைப் பார்த்து, "அவவுக்கு என்ன கலர் பிடிக்கும் அன்ரி?" என்றாள்.

"அவவுக்கு மயில்கழுத்துப் பச்சை பிடிக்கும். அவவுக்குக் கதைக்கவும் தெரியும்" என்றாள் இவள்.

அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் பார், இரண்டு பேரும் அரை மணித்தியாலம் ஒரே ஆராய்ச்சி. முந்தானை சில்லில் சிக்காமல் எப்படிக் கட்டுவது, கொசுவத்தை எவ்வளவு குறைப்பது, இருந்தபடியே எந்தத் துணி மடிப்புக் கலையாமல் நிற்கும் என்று. நான் ஒரு மூலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கடையில் யாரும் நாற்காலியைப் பார்க்கவில்லை, சேலையைத்தான் பார்த்தார்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஒரு டிசெம்பர் 3ஆம் திகதி, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, விழிப்புணர்வுக் கூட்டம் என்று பெரிய பதாகை கட்டிய மண்டபத்தில் மேடைக்குச் சாய்வுப் பாதை இல்லை. இவள் கீழே இருந்தே பேசினாள், மைக் வயர் எட்டவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996இலேயே சட்டம் வந்தது, அவர்கள் போய்வர வசதியாகக் கட்டடங்கள் இருக்கவேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏதோ ஒரு இயலாமையோடு 16 இலட்சம் பேர் இந்த நாட்டில். எல்லாரையும் தூக்கிவிடப் பையன்களுக்கு எங்கே போவது?

போட்டி ஏதும் இங்கே வந்தால் போவாளாம். போகட்டும். மேடைக்கு எப்படி ஏறுவது என்று முதலில் கேள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

உன்னிடமும் ஒன்று கேட்கச் சொன்னாள்: புதுக் காலுக்குக் கொலுசு போட்டிருக்கிறாயா? பதில் எழுது.

அன்புடன்,
சாந்தி