நீராடிவந்த முத்தா அது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 'எண்ணெயும் கொழுப்பும் கிருமியைக் கொல்லும் என்பது பாட்டிமார் கட்டிவிட்ட கதை' என்று ஒரு வரி, அதற்கு உதாரணமாகத் தொழுநோய்க்குப் போட்ட நீரடிமுத்து என்ற மரவிதையின் எண்ணெய். அதையும் 'நீராடிமுத்து' என்று அச்சடித்திருக்கிறீர்கள். குளித்துவிட்டு வந்த முத்தா அது?

29 வருடம் தொழுநோய்ப் பிரிவில் களப்பணி பார்த்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வேட்டியைச் சற்று விலக்கித் தொடையைக் காட்டினார், வரிசை வரிசையாகத் தழும்பு. அந்த எண்ணெய் ஊசி போட்ட இடமாம். புளியங்கொட்டை புதைத்த மாதிரி முண்டு முண்டாக எழும்பி நாள்கணக்கில் கரையாதாம், குடிக்கக் கொடுத்தால் குமட்டிக்கொண்டு வருமாம். அந்தக் கெட்டி எண்ணெயிலிருந்த கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டராக மாற்றி, உடம்பில் கலக்கும் ஊசிமருந்தாக்கியவர் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற பெண் வேதியியலாளர். 1916-ல் 24 வயதில் இறந்துபோனார், அப்புறம் கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அவர் பெயரைச் சொல்லாமலே அந்த வேலையை வெளியிட்டுக்கொண்டார். உங்களுக்குத் தெரியாததா, மகளிர் தினத்துக்கு அவர் படம் போட்டவர்களாயிற்றே! அந்த எண்ணெய் முழுக் குணம் தந்ததா என்றால் இல்லைதான், 1940களில் சல்போன் மருந்துகள் வந்ததும் ஒதுக்கிவிட்டார்கள். அதற்காகக் கட்டுக்கதையா?

சரி, எண்ணெய் மேல் உங்களுக்கு நம்பிக்கையே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. போன வருடம் இதே பக்கத்தில் 'தினம் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய், வைரஸ் கிட்டவே வராது' என்று போட்டீர்கள். எதிர்வீட்டுக்காரர் அதை நம்பிக் குடித்துவிட்டு ஒரு பகல் முழுக்கக் கழிப்பறையே கதி என்று கிடந்தார். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், உண்மைதான். ஆனால் எண்ணெயில் அது மூன்று மூன்றாகக் கிளிசராலோடு கட்டுண்டு கிடக்கிறது. பிரித்தெடுத்து, ஒரே ஒரு லாரிக் அமிலம் மட்டும் கிளிசராலோடு சேர்ந்த மோனோலாரினாக ஆக்கினால் சோதனைக்குழாயில் சில பாக்டீரியாக்களின், வைரஸ்களின் கொழுப்புறையைக் குலைக்கும். சோதனைக்குழாயும் வயிறும் ஒன்றா? கொழுப்பின் சாயலில் ஆய்வகத்தில் செய்த மில்டெஃபோசின் என்ற மருந்தும் இருக்கிறது. புற்றுநோய்க்காக உருவாக்கியது, பீகாரில் காலா அசார் (மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய்) நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2002-ல் இந்தியாவில் அனுமதித்தார்கள். அந்த நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்க வந்த முதல் மருந்தே அதுதான். ஒரு வாரம் அமிர்தம், மறுவாரம் மூடநம்பிக்கை என்று எழுதுகிற உங்கள் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள உண்மைக்கு மட்டும் இடமில்லை.

இன்னொன்று. 'குஷ்டரோகி' என்ற சொல்லை விடுங்கள் என்று முன்பே இரண்டு முறை எழுதினேன். ஒருமுறை மூன்று வரியாக வெட்டிக் குறுக்கெழுத்துக்குக் கீழே போட்டீர்கள், மிக்க நன்றி. இந்த ஞாயிறும் அதே சொல், அதுவும் தலைப்பிலேயே. மருந்தை முடித்துவிட்டு, பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் என் பகுதியிலேயே இருக்கிறார்கள் ஐயா.

இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. 'நீரடிமுத்து' என்று ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழுநோய்க் களப்பணியாளர்,
செங்கல்பட்டு மாவட்டம்