வெளியூர் பார்வர்டு வந்தால் அரையிறுதி வருமா? – செயலாளர் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கோடை ஹாக்கிப் போட்டிக்கு நம் அணியில் வெளியூரிலிருந்து இரண்டு பார்வர்டுகளை, அதாவது கோல் அடிக்கிற முன்வரிசை ஆட்டக்காரர்களை, இறக்குவதாக முடிவாகிவிட்டது என்று கும்பகோணம் முழுக்கப் பேச்சு. பஸ் கட்டணம், லாட்ஜ், சாப்பாடு, பேட்டா எல்லாவற்றுக்கும் அரிசி மண்டிக்காரர் தலையாட்டிவிட்டாராம். டீக்கடையில் முணுமுணுப்பதைவிட நாலு பேர் படிக்கும்படி எழுதிவிடுவது மேல். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கனடாவில் இருக்கும் உங்கள் மகன் சொல்லும் ஐஸ் ஹாக்கிக் கதைகளில்தான் இந்த யோசனை முளைத்தது என்று எனக்குத் தெரியும். அங்கே என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில் 32 அணிகள். கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃபுக்குப் போவது 16. அதற்கு முன் ஆள் மாற்றிக்கொள்ள ஒரு கெடு உண்டு. 2014 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி மரியன் காபோரிக் என்ற பார்வர்டை வாங்கியது. அவர் பிளே-ஆஃபில் 14 கோல் அடித்தார், கோப்பையும் வந்தது. தம்பி இதைத்தான் சொல்லியிருப்பார். அந்தப் பருவத்தில் லீக்கிலேயே குறைவாகக் கோல் வாங்கிய அணி அதுதான் என்பதைச் சொன்னாரா? பின்வரிசை கோட்டை மாதிரி நின்றது, எதிரணி வலையில்தான் கோல் விழவில்லை. அந்த ஒரு குறைக்கு ஒரு ஆள் வந்தார்.

2013இல் வாஷிங்டன் அணி மார்ட்டின் எராட் என்ற அனுபவசாலிக்காக, பிலிப் ஃபோர்ஸ்பெர்க் என்ற 18 வயதுப் பையனை நாஷ்வில் அணிக்குத் தாரைவார்த்தது. வாஷிங்டன் முதல் சுற்றிலேயே வெளியேறியது. பையனோ பிற்பாடு நாஷ்வில் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவனாகிவிட்டான். நாம் யாரையும் விற்கப்போவதில்லைதான். ஆனால் வெளியூர்க்காரர் இருவர் ஆடினால் பெஞ்சில் உட்காரப்போவது யார்? காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வந்து மைதானத்தில் கோடு போடுகிற அந்தப் பையன்கள்தான்.

2019இல் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. கொலம்பஸ் அணி பிப்ரவரியில் இரண்டு பார்வர்டுகளை வாங்கி பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. லீக்கில் முதலிடம் பிடித்த டாம்பா பேயை ஆட்டத் தொடரில் 4-0 என்று சுருட்டவும் செய்தது. ஆகவே பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த சுற்றில் பாஸ்டனிடம் தோற்றது. கோடையில் இருவரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். அதே ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் கடைசி இடத்தில் கிடந்த செயின்ட் லூயிஸ், தன் கீழ்நிலை அணியிலிருந்து ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல்கீப்பரை மேலே கொண்டுவந்து கோப்பையைத் தூக்கியது. அந்த பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் ரயன் ஓ'ரைலியும் விலைக்கு வந்த பார்வர்டுதான். ஆனால் அவரை முந்தைய கோடையிலேயே வாங்கிவிட்டார்கள். பழகிக்கொள்ள ஒரு பருவம் முழுக்கக் கிடைத்தது. நீங்கள் கூப்பிடுகிறவர்கள் முதல் ஆட்டத்தன்று காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள்.

நம் மைதான ஹாக்கியில் கணக்கு இன்னும் வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தவர் இந்தியாவின் ஹர்மன்பிரீத் சிங், 10 கோல். அவர் பார்வர்டா? தற்காப்பு ஆட்டக்காரர். எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரும் பெனால்டி ஸ்ட்ரோக்கும்தான் அவர் வயல். காலிறுதியில் பத்துப் பேரோடு பிரிட்டனைச் சமாளித்து, ஷூட்-அவுட்டில் இந்தியாவைக் கரையேற்றியவர் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ்.

இப்போது நம் கதை. போன முறை லீக் சுற்றிலேயே வெளியேறினோமே, எல்லா ஆட்டத்திலும் முதல் கோல் நம்முடையது. கடைசிக் கால்பகுதியில் என்ன நடந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். நடுவரிசையில் வலப்பக்கம் ஆடுகிற ரைட் ஹாஃப் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். பந்து அவன் மட்டையில் பட்டு எகிறி எதிராளி காலடியில் விழுகிறது. நம் சென்டர் பார்வர்டு எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கும் டி வளைவின் விளிம்பில் இடுப்பில் கைவைத்தபடி வேடிக்கை பார்க்கிறான். பாவம், பந்தே வராமல் அவன் என்ன செய்வான்? கடைமடையில் இன்னும் இரண்டு வேலி நிலம் வாங்கிப்போட்டால் வாய்க்காலில் தண்ணீர் கூடிவிடுமா, அண்ணே?

பெனால்டி கார்னர் கிடைத்தாலும் இதே கதி. உள்ளே தள்ளுகிற பந்து மண் தரையில் துள்ளிக்கொண்டு வருகிறது. நிறுத்துகிறவன் மட்டையைத் தரையோடு படுக்கவைப்பதில்லை. பந்து மேலே ஏறிப் போய்விடுகிறது. வரப்போகிறவர்களோ விளையாட்டு விடுதியில் செயற்கைப் புல்லில் பழகியவர்கள். நம் மண்ணின் துள்ளல் பிடிபடுவதற்குள் லீக் முடிந்துவிடும்.

ஆள் கட்டாயம் வேண்டும் என்றால் நடுவரிசைக்கு ஒரு சென்டர் ஹாஃபைக் கூப்பிடுங்கள், அதுவும் பதினைந்து நாள் முன்னதாக. இன்னொருவருக்கு ஒதுக்கிய பணத்தில் பையன்களுக்குக் காலையில் முட்டையும் பாலும் கொடுக்கலாம். கார்னரை நிறுத்தவும் அடிக்கவும் பழக்க ஒரு பழைய ஆட்டக்காரரை அமர்த்தலாம். மண்டிக்காரர் சம்மதிப்பாரா என்று தயங்க வேண்டாம். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் நானே போய்ப் பேசுகிறேன். அதுவரை அந்த இரண்டு பேருக்கும் முன்பணம் அனுப்பாமல் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய லெஃப்ட் பேக்