பேத்தியின் நகம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் கட்டைவிரல் நகம் அடியிலிருந்து பெயர்ந்துவிட்டதென்றும், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று பக்கத்து வீட்டார் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். ஒரு மாதத்துக்கு முன் அவளுக்கு அம்மை போட்டிருக்கிறதென்று வாசலில் வேப்பிலை செருகினீர்களே, காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வாய்க்குள்ளும் கொப்புளம் கண்டிருந்தால் அது பெரும்பாலும் சின்னம்மையாக இராது. கை, கால், வாய் நோயாகவே இருக்கும். அந்நோய் ஆறிச் சில வாரங்களில் நகம் கழல்வதற்கும் இந்நோயைத் தரும் வைரஸ்களில் ஒன்றான காக்சாக்கி ஏ6-க்கும் உள்ள தொடர்பு, 2008-இல் ஃபின்லாந்தில் நோய் பரவியபோது தெரியவந்தது. புது நகம் தானே வளர்ந்துவிடும். மருந்து எதுவும் வேண்டாம்.

இது என் ஊகம்தான். ஆய்வகத்திலேயே காலம் கழித்தவனுக்குக் கொப்புளத்தைக் கண்ணால் பார்த்து வைரஸின் பெயரைச் சொல்லத் துணிவு வராது. 2022-இல் கொல்லத்துக் குழந்தைகளுக்குச் சிவந்த கொப்புளங்கள் வந்தபோது, ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பெயர் சூட்டி, ஏதோ புது நோய் முளைத்துவிட்டதுபோல் நாடே பேசியது உனக்கு நினைவிருக்கும். கேரளத்திலிருந்து பிரிட்டன் திரும்பிய இரு குழந்தைகளின் மாதிரிகளைச் சோதித்தபோது கிடைத்ததோ, 1957-இல் டொராண்டோவில் கை, கால், வாய் நோய் பரவியபோதே அகப்பட்ட பழைய காக்சாக்கி ஏ16.

கொப்புளத்தைக் கீறி, அதன் அடியில் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி எடுப்பதே எனக்குப் பிடித்த சோதனை மாதிரி. மலத்தில் இவ்வகை வைரஸ்கள் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருப்பதால், அங்கே ஒன்று அகப்பட்டால் அதுதான் இன்றைய நோய்க்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கொப்புள நீரில் அகப்பட்டாலோ மறுப்பதற்கு இடமில்லை. முதலில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை, இது காக்சாக்கியும் அடங்கிய என்டரோவைரஸ் கூட்டத்தைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும், பிறகு வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான வி.பி.1 மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்தால்தான் எந்த வகை என்பது தெரியும். வைரஸை உயிரணுக்களில் வளர்த்துப் பார்க்கும் செல் வளர்ப்பை மட்டும் நம்பியிருந்த நாட்களில், அதில் எளிதில் வளராத ஏ6 எங்கள் கண்ணில் படாமலே எத்தனை முறை தப்பியதோ!

எல்லாம் தானே ஆறுகிற நோய்தானே, வகை தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்பாய். இதே நோயைத் தரும் என்டரோவைரஸ் 71 மூளைத்தண்டைத் தாக்கக்கூடியது. 1998-இல் தைவானில் 78 உயிர்கள் போயின. அதற்கு முந்தைய ஆண்டு மலேசியாவின் சரவாக்கில் குழந்தைகள் இறந்தபோது, அந்த வைரஸோடு சிலரிடம் வேறொரு வைரஸான அடினோவைரஸும் அகப்பட்டதால் எது கொன்றது என்ற வழக்கு எளிதில் தீரவில்லை. சீனாவில் பயன்படும் தடுப்பூசியும் 71-ஐ மட்டுமே தடுக்கும். ஏ16-ஐயோ ஏ6-ஐயோ தடுக்காது.

உதிர்ந்த நகத்தை உறையில் போட்டு அனுப்பட்டுமா என்று வேடிக்கையாகக் கேட்டிருந்தாய். ஃபின்லாந்தில் உதிர்ந்த நகத்துணுக்கிலேயே வைரஸின் தடயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே தூக்கிப் போட்டுவிடாதே. காய்ந்த தாளில் மடித்து வை, அடுத்த மாதம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்