நீங்கள் சரிபார்த்ததாகச் சொன்ன குன்னூர் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது

ஸ்ரீரங்கம்,
02.06.2025

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வீடு மாற்றித் தங்கும் சேவைப் பிரிவு.

பொருள்: மே 10 முதல் 19 வரை உறுதி செய்யப்பட்ட குன்னூர் வீடு கிடைக்காதது, கிடைக்காது என்று தெரிந்தும் எங்களுக்குச் சொல்லாதது.

ஐயா / அம்மா,

மே 12 அன்று நான் அனுப்பிய புகாருக்கு மே 15 அன்று உங்களிடமிருந்து வந்த பதிலில் ஒரு வரி இருக்கிறது. அந்த வீட்டுக்கு நாங்கள் வாடகை எதுவும் கட்டவில்லை என்பதால் எங்களுக்குப் பண இழப்பு இல்லை, நல்லெண்ணத்தில் 900 புள்ளிகள் எங்கள் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள் என்று. வாடகை கட்டவில்லை என்பது உண்மைதான். வாடகைக்குப் பதிலாக, அந்தக் குன்னூர் வீட்டில் இருந்த குடும்பம் தங்க எங்கள் வீட்டையே கொடுத்தோம். அது எப்பேர்ப்பட்ட நாட்களில் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை, அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் வீடு சித்திரை வீதியில் இருக்கிறது. இந்த ஆண்டு ஜனவரி 10 அன்று வைகுண்ட ஏகாதசி. ஜனவரி 3 மாலையிலிருந்து 12 காலை வரை, ஒன்பது இரவுகள், குன்னூர்க் குடும்பம் எங்கள் வீட்டில் தங்கியது. ஏகாதசிக்கு முந்தைய பகல் பத்து உற்சவத்தின் பிற்பகுதி, மோகினி அலங்காரம், பரமபத வாசல் என்கிற சொர்க்கவாசல் திறப்பு, அதன்பின் வரும் இராப் பத்தின் முதல் நாட்கள் எல்லாம் அந்த ஒன்பது இரவுகளுக்குள் வந்துவிட்டன. அந்த நாட்களில் ஸ்ரீரங்கத்தில் ஒரு அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் தெருவில் திண்ணையைக்கூட விடாமல் உறவுக்காரர்கள் படுத்திருப்பார்கள். நாங்கள் ஐந்து பேரும் வீட்டைக் காலி செய்துவிட்டு, தில்லை நகரில் என் அக்கா வீட்டில் இரண்டு அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். பரமபத வாசல் சேவைக்காக, எழுபத்தாறு வயது மாமியாரை அதிகாலை இரண்டு மணிக்கு ஆட்டோவில் ஏற்றி அழைத்து வந்தோம். தன் வீட்டிலிருந்து பொடிநடையாகப் போய்ச் சேவிக்கிற கோயில் அது அவருக்கு.

மாமியார் சமையலறையில் மடி பார்ப்பவர். வெளியாட்கள் அங்கே புழங்க அவர் சம்மதிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. குன்னூர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், சொர்க்கவாசலை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று பல வருடங்களாக ஆசைப்படுகிறார் என்று சொன்னபோது, “பெருமாளைச் சேவிக்க வர்றவா, தங்கிக்கட்டும்” என்றார். தன் அலமாரியில் ஒரு தட்டை அவரே ஒழித்தும் கொடுத்தார். அந்தக் குடும்பமும் வீட்டைப் பொன்போல வைத்துக்கொண்டது. போகி அன்று வாசல் பூட்டைத் திறந்தபோது கூடம் துடைத்து, ஊஞ்சல் சங்கிலியைக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் பதில் பழியை அவர்கள் மேல்தான் போடுகிறது.

இனி எங்கள் முறை. கத்திரி வெயிலில் திருச்சி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமியாருக்கு ஒன்பது நாட்களாவது குளுமை கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாட்டுக்கே ஒப்புக்கொண்டோம். ஏப்ரல் 28 அன்று உங்களிடமிருந்து, குன்னூர்ப் பயணம் உறுதி என்று மின்னஞ்சல் வந்தது. முகவரி, வரைபடம், ‘சரிபார்க்கப்பட்ட வீடு’ என்ற பச்சை முத்திரை எல்லாம் இருந்தன. அதை நம்பி வாடகைக் கார் பேசினோம், நீலகிரிக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸ் அனுமதி எடுத்தோம். வாரநாட்களில் நாளுக்கு ஆறாயிரம் வண்டிகள், வாரக் கடைசியில் எட்டாயிரம் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்திருக்கும் சீசன் இது. இ-பாஸ் படிவத்தில் தங்கும் இடம் என்ற கட்டத்திலும் நீங்கள் கொடுத்த முகவரியைத்தான் நிரப்பினோம்.

மே 10, சனிக்கிழமை. பர்லியார் தாண்டி மலையேறி, பெட்போர்டு பக்கம் அந்த வீட்டு வாசலில் நின்றபோது மாலை நாலேகால். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்து விழித்தார். அவர்கள் ஏப்ரலில்தான் குடிவந்திருக்கிறார்கள். முன்பு இருந்தவர்களும் வாடகைக்குத்தான் இருந்தார்கள், மார்ச் கடைசியில் காலி செய்துவிட்டார்கள் என்றார். முன்பின் தெரியாத அந்த மனிதர் மாமியாரை உள்ளே உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான். உங்கள் உதவி எண்ணுக்கு நான் ஆறு முறை அழைத்தேன். ஐந்தாவது முறை எடுத்த பெண், அந்த வீட்டுக்காரரிடமே பேசிப் பாருங்கள் என்றார். எந்த வீட்டுக்காரர் என்று கேட்டேன், இணைப்பு போய்விட்டது.

உங்கள் செயலியில் அந்தக் குடும்பத்தின் கணக்கு மூடப்பட்டிருந்தது, செய்தி போகவில்லை. நல்லவேளையாக அந்தப் பாட்டி ஜனவரியில் தன் மருமகளின் கைபேசி எண்ணை மாமியாரின் பஞ்சாங்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். கூப்பிட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டார். கணவருக்குப் பெங்களூரில் வேலை மாறியதால் வீட்டைக் காலி செய்வதாக மார்ச் 11-ஆம் தேதியே உங்களுக்கு எழுதியிருக்கிறார். ஸ்ரீரங்கம் குடும்பத்துக்கு நாங்கள் ஒன்பது இரவுகள் கடன்பட்டிருக்கிறோம், அவர்களுக்கு வேறு வீடு ஏற்பாடு செய்யுங்கள், அதற்கான செலவில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம் என்றுகூட அதில் இருக்கிறது. மறுநாளே நீங்கள் பதில் போட்டிருக்கிறீர்கள்: பதிவு செய்துகொண்டோம், மறுதரப்புக்கு நாங்களே தெரிவிக்கிறோம், நீங்கள் நேரடியாகத் தொடர்புகொள்ள வேண்டாம். இரண்டு கடிதங்களையும் அவர் எனக்கு அனுப்பினார், இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அதாவது மார்ச் 12 அன்று உங்களுக்கு எல்லாம் தெரியும். அதற்குக் கிட்டத்தட்ட ஏழு வாரம் கழித்துத்தான் பயணம் உறுதி என்று எங்களுக்கு எழுதினீர்கள். இதை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறவில்லை. மார்ச்சில் ஒரு வரி சொல்லியிருந்தால் கொடைக்கானலோ ஏற்காடோ, எங்களால் முடிந்த விலைக்கு நாங்களே ஏற்பாடு செய்துகொண்டிருப்போம்.

அன்று இரவு ஏழரை மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியில், மாடியில், ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே அறை கிடைத்தது. ஒரு இரவுக்கு 5,800 ரூபாய். முழங்கால் வலியோடு மாமியார் அந்தப் படிகளை ஏறினார். இரண்டு இரவுகளுக்கு மேல் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சிம்ஸ் பூங்காவை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, 12-ஆம் தேதி கோத்தகிரி வழியாக இறங்கிவிட்டோம்.

உங்கள் பதிலில் நீங்கள் வெறும் இடைத்தரகர் என்றும், உறுப்பினர்களுக்குள் நடப்பதற்குப் பொறுப்பில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எங்களைச் சேர்க்கும்போது மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, ஆதார் எல்லாம் வாங்கினீர்கள். வீடியோ அழைப்பில் புழக்கடைக் கிணறு வரை காட்டச் சொன்னீர்கள். அதே சோதனையைக் குன்னூரிலும் செய்திருந்தால், அது வாடகை வீடு என்பது அன்றே தெரிந்திருக்கும். அந்தச் சோதனைக்கும் அந்தப் பச்சை முத்திரைக்கும்தான் ஆண்டுக்கு ஜிஎஸ்டியோடு 11,800 ரூபாய் வாங்குகிறீர்கள். இரண்டு குடும்பமும் ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்று தடுத்ததும் நீங்கள்தான். தகவல் உங்கள் வழியாக மட்டுமே வரவேண்டும் என்று வைத்துவிட்டு, அந்தத் தகவலை உங்களிடமே வைத்துக்கொண்டால் அது சேவைக் குறைபாடு இல்லாமல் வேறு என்ன?

நான் கேட்பது இதுதான். உறுப்பினர் கட்டணம் 11,800, விடுதிச் செலவு 11,600, கார் வாடகை 13,200. அப்புறம், எங்களுக்குச் சேரவேண்டிய மீதி ஏழு இரவுகளுக்கு, நாங்கள் விடுதிக்குக் கொடுத்த அதே விலையில் 40,600. மொத்தம் 77,200 ரூபாய். ரசீதுகள் இணைப்பில் உள்ளன. புள்ளிகள் வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 12-க்கும் ஏப்ரல் 28-க்கும் நடுவில் அந்தக் கடிதம் உங்கள் அலுவலகத்தில் யார் மேசையில் கிடந்தது என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். மாமியாரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். சட்டப்படி கேட்க முடியுமோ என்னவோ, ஆனாலும் கேட்கிறேன்.

மே 12 அன்று நான் அனுப்பிய புகாருக்கு, 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதே விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்தக் கெடு ஜூன் 12-இல் முடிகிறது. அதற்குள் பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை.

எங்கள் வீட்டின் படங்களையும் முகவரியையும் உங்கள் தளத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கு ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டாம். இதை எழுதும்போது மறுபடி பார்த்தேன். குன்னூர் வீடு இன்னமும் உங்கள் தளத்தில் அதே பச்சை முத்திரையோடு இருக்கிறது, ஜூலை மாதத்துக்குக் காலி என்று காட்டுகிறது. இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் அவர்களுக்கு உடனே ஒரு போன் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்,
சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்.

இணைப்பு: மார்ச் 11, 12 கடிதங்கள், ஏப்ரல் 28 உறுதி மின்னஞ்சல், விடுதி, கார் ரசீதுகள்.