சைக்கிள் ஓட்டிய பெண்களின் கதையையும் வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அடக்குமுறையிலிருந்து மீண்டு வந்த பெண்களின் வாழ்க்கைக் கதைகளைத் தங்கள் இதழில் தொடராக வெளியிட்டு வருகிறீர்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன். கண் கலங்கிப் படித்த கதைகளும் உண்டு. ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான கதைகளில் தன்னம்பிக்கைதான் எல்லாவற்றையும் சாதிக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கடன் கொடுத்தது யார், வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார், எந்தச் சங்கம் துணைக்கு வந்தது என்பதெல்லாம் இரண்டு வரியில் போய்விடுகிறது. இன்னும் மீள முடியாமல் இருக்கும் ஒரு பெண் இதைப் படித்தால் "நமக்குத்தான் தைரியம் பத்தலை போல" என்று தன்னையே நொந்துகொள்வாள். அது நியாயமில்லை.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். 1991-இல் இங்கே, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது நான் ஒரு கிராமத்தில் தொண்டராக இருந்தேன். பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்த பெண்கள், ராத்திரி சோறாக்கி வைத்துவிட்டு அரிக்கேன் விளக்கோடு படிக்க வருவார்கள். பாடம் அ, ஆ என்று தொடங்காது; பட்டா, படி என்று தொடங்கும். பட்டா என்றதும் நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற பேச்சு வந்துவிடும். அப்புறம் வகுப்பு முடிய நெடுநேரம் ஆகும்.

சைக்கிளும் அந்த இயக்கத்தோடுதான் வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதை இயக்கத்தின் வேலைகளில் ஒன்றாகவே ஆக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழி செய்யப்பட்டது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு பாட்டே ஊர் ஊராகப் பாடப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. சரி, ஆண்கள் சைக்கிளே இருக்கட்டும் என்று வாங்கினார்கள். முன்னால் உள்ள கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு.

எங்கள் ஊரில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள்தான் பழகினோம். சல்லி உடைக்கும் ஓர் அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளைப் போலக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஆரம்பித்தார். இரண்டு பேர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். முட்டியெல்லாம் சிராய்ப்பு. கரையில் நின்ற ஆண்கள் சிலர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஓட்டிப் பழகிய பிறகு அவருடைய வீட்டில் சைக்கிளைப் பூட்டிச் சாவியை மாமியார் எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் வகுப்புப் பெண்கள் எல்லோருமாக அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். சத்தம் போடவில்லை; சாவி வந்த பிறகுதான் எழுந்தார்கள். அந்த அக்காவுக்கு இயல்பிலேயே தைரியம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாவியை வாங்கித் தந்தது வாசலில் உட்கார்ந்த கூட்டம்.

சைக்கிள் பழகுவதற்கு முன் அந்த அக்கா பிறந்த வீட்டுக்குப் போகக் கணவரிடம் கேட்டு, மாமியாரிடம் கேட்டு, பஸ் காசுக்கும் கையேந்த வேண்டும். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் காலையில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். விடுதலை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

குவாரிக் கதை இன்னும் கசப்பானது. முன்பணம் வாங்கிய குடும்பங்கள் கொத்தடிமைகளாகக் கல் உடைத்துக்கொண்டிருந்த இடங்களில், பெண்கள் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. கணக்கு எழுதியதும் அவர்கள்தான், காசை எண்ணி வாங்கியதும் அவர்கள்தான். பிறகு கொள்கை மாறியது. ஒப்பந்தக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண்களின் தன்னம்பிக்கையா குறைந்துபோயிற்று? அரசு கொடுத்த கையை எடுத்துக்கொண்டது. பெண்களின் கதையை எழுதும்போது இதையும் சேர்த்து எழுதினால்தான் உண்மை முழுதாக வரும்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தச் சைக்கிள் பெண்களைப் பற்றி எழுதியது, மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமாகவே வந்தது. வட இந்தியப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் வாயாலேயே முழுசாகச் சொன்ன கதைகளை நான் தமிழ் அச்சில் பார்த்தது மிகவும் குறைவு. அன்றைக்கு முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. சிலர் போய்ச் சேர்ந்தும்விட்டார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தொடரின் சில வாரங்களையாவது இவர்களுக்கு ஒதுக்குங்கள். செய்தியாளரை அனுப்பினால் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து, அந்தப் பேச்சு நடையிலேயே போடச் சொல்லுங்கள், மெருகேற்ற வேண்டாம். யார் தடுத்தார்கள், யார் சீட்டைப் பிடித்தார்கள், கடன் எப்படி அடைந்தது, குவாரி கைவிட்டுப் போன அன்று என்ன செய்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். விருது வாங்கினார்களா என்ற கேள்வி கடைசியில் இருக்கட்டும். பெயரும் படமும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் மதியுங்கள். குடும்பத்துக்குள் இன்னும் ஆறாத புண் சிலருக்கு உண்டு.

கண்மாய்க்குள் என்னோடு சைக்கிள் பழகியவர்களில் பலர் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு வந்தால் எல்லோரையும் வீட்டில் பார்க்கலாம். நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் அறிவொளித் தொண்டர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.